கிணற்று மேடையிலிருந்த ஆயில் இன்ஜின்

மாரியம்மன் கோவில் முன்மண்டபத்தின் கல்தூணில், ஏறக்குறைய என் கழுத்து உயரத்தில், குறுக்காக ஒரு கோடு வெட்டப்பட்டிருந்தது. அதன் முன்னால் நின்றுகொண்டு இன்ஜினியர் தன் கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டுக்குள் விட்டு மெதுவாகச் சுரண்டியதுதான், அவரை நினைக்கும்போதெல்லாம் முதலில் என் கண்முன் வருகிறது. சுரண்டிய விரலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். நகத்தில் வெள்ளையாகக் கல்பொடி. தூணில் மற்ற இடமெல்லாம் எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்துக் கிடந்தது. சுற்றி நின்ற ஊர்க்காரர்களைப் பார்த்து, “ரொம்ப நல்லது, குறிச்சுக்கிடுதோம்” என்றார். என் பக்கம் திரும்பி அளவெடுக்கச் சொன்னார். நான் டேப்பைப் பிடித்தேன். என் பெரியப்பா, ஊரின் பெரிய மனிதர், கைகளைக் கட்டிக்கொண்டு, “அந்த வெள்ளத்துல தண்ணி இது வரைக்கும் நின்னுதுங்க, என்ற கண்ணால பார்த்தனுங்க” என்றார். இன்ஜினியர் தலையை ஆட்டினார். ஜீப்பில் ஏறி எருத்தேன்பதி ரோட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டார்: “தம்பி, அந்தக் கோட்டை வெட்டினது போன வாரமா, இல்ல அதுக்கும் முந்தியா?”

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை அது. நான் வில்லேஜ் ஆபீஸில் அசிஸ்டெண்டாகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அணுமின் நிலையம் ஒன்று கட்டுவதற்காகத் தென்பகுதியில் பல இடங்களைப் பார்த்து வருவதாகவும், எங்கள் பகுதியும் அதில் ஒன்று என்றும், வருகிற குழுவுக்கு உள்ளூர் ஆளாக நான் கூடப் போக வேண்டும் என்றும் தாலுக் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. குழுவில் மண்ணைத் தோண்டிப் பார்க்கிறவர்கள், நிலம் அளக்கிறவர்கள் என்று சிலர் இருந்தார்கள். அவர்கள் வந்தார்கள், போனார்கள். இன்ஜினியர் மட்டும் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் கட்டில் போட்டுத் தங்கிவிட்டார். இடுக்கிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா திருநெல்வேலியிலிருந்து போய் அங்கே பாக்டரியில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவராம். திருநெல்வேலிப் பேச்சு அவர் வாயில் அப்படியே இருந்தது. வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லியான உடம்பு. யாராவது பேசும்போது வாயைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார்.

அவரைப்போல் எதையும் நம்பாத ஒரு மனிதரை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. ஒரே கேள்வியை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்பார். அடுத்த நாள் எங்கே போகப்போகிறோம் என்று முந்தின நாள் எனக்குச் சொல்லமாட்டார். காலையில் ஜீப் கிளம்பிய பிறகுதான் தெரியும். நான் பெரியப்பாவின் குடும்பத்துப் பிள்ளை என்று தெரிந்ததும், நான் குறித்துக் கொடுத்த அளவுகளை அவரே ஒரு முறை மறுபடி எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் வெளியே காட்டவில்லை. நான் குடியிருந்த பெரியப்பா வீட்டுக்குப் போனால் அங்கே வேறு மாதிரி. நான் படியேறும் சத்தம் கேட்டதும் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். “அவன் சர்க்காரு ஆளு, பார்த்துப் பேசுங்க” என்று பெரியப்பா சொன்னதை நானே ஒரு தடவை கேட்டேன். சோறு போட்டுவிட்டு என் பெரியம்மா, “அந்த அணுகுண்டுக்காரன் எந்தச் சர்வே நம்பரை எழுதியிருக்கறான்?” என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்பார். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் அங்கேயும் நம்பவில்லை, இங்கேயும் நம்பவில்லை.

இன்ஜினியருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அதை ஒருநாள் கொழிஞ்சாம்பாறைச் சந்தைப்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். அணு உலையை நிறுத்தினாலும் அது உடனே ஆறாது. “எங்க எஸ்டேட் பாக்டரியில அடுப்பை அணைச்ச பிறகும் உள்ளே கங்கு கிடக்கும் பாத்துக்கிடுங்க, அது மாதிரி. ஆனா இது நாள்கணக்கா கொதிக்கும். தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். தண்ணி ஓட பம்பு ஓடணும். பம்பு ஓட கரண்ட் வேணும்.” வெளியிலிருந்து வரும் கரண்ட் நின்றுபோனால் என்ன செய்வது? அதற்கென்றே டீசல் இன்ஜின்களைத் தயாராக வைத்திருப்பார்கள். புயலோ வெள்ளமோ பூமி அதிர்ச்சியோ கம்பங்களைச் சாய்த்தால் அவை உடனே ஓட வேண்டும். “ஆனா கம்பத்தைச் சாய்ச்ச அதே வெள்ளம் டீசல் ரூமுக்குள்ளயும் வந்துட்டா? ஒரே அடியில ரெண்டும் விழுந்துரும். அது எந்த அடின்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கிடத்தான் நான் ஊர் ஊரா அலையுதேன்.” நிலையத்தைக் கட்டுகிற கம்பெனிக்காரர்கள் எங்கும் அந்த இன்ஜின்களைத் தாழ்வான இடத்தில், தண்ணீருக்குப் பக்கத்தில்தான் வைக்க ஆசைப்படுவார்கள் என்றும், வசதியாக இருக்கிறது என்று யாராவது சொன்னாலே தனக்குச் சந்தேகம் வந்துவிடும் என்றும் சொன்னார்.

அந்தத் தூண்கோடு அவரை ஏமாற்றவில்லை. ஆனால் விடவும் இல்லை. இதுதான் பெரியப்பா எதிர்பார்க்காதது. வெள்ளம் வரும் ஊர் என்று காட்டினால் வந்தவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள் என்று ஊரில் நாலு பேர் கூடிப் பேசி, பொள்ளாச்சியிலிருந்து கல்தச்சனைக் கூட்டி வந்து கோடு வெட்டியிருந்தார்கள். எனக்கே அது பிறகுதான் தெரிந்தது. இன்ஜினியர் வேறு மாதிரி யோசித்தார். “இந்த வறண்ட காட்டுல பொய் சொல்லணும்னா பஞ்சம்னு சொல்லலாம், பாம்புன்னு சொல்லலாம். வெள்ளம்னு ஏன் தோணணும்? அப்போ வெள்ளம் ஒண்ணு வந்திருக்கு. அது எவ்வளவுங்கிறதை மறைக்குதாங்க.” ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். ஒவ்வொருவரும் ஒவ்வோர் உயரத்தைக் காட்டினார்கள். ஏரிக்கரைக்குக் கீழே கூலிக்காரர்கள் குடியிருந்த வளவில் நாங்கள் போய் நின்றபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். ஒரு கிழவர் மட்டும், “ஏரி ஒடைஞ்சுதுங்க, வேற ஒண்ணும் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு நடந்தார்.

வெள்ளம் வந்தது உண்மைதான். அந்தக் கோடைக்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், நான் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது. கிழக்கே மலைப்பக்கம் விடாமல் மழை பெய்து, எங்கள் ஏரி நிரம்பி, விடியற்காலையில் கரை உடைந்தது. என் சித்தப்பா அதில்தான் இறந்தார். தோட்டத்துக் கிணற்றிலிருந்து அவரை எடுத்தார்கள். கரை கசிந்து கசிந்து மெல்ல உடைந்தது, தண்ணீர் படிப்படியாகத்தான் ஏறியது என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியானால் திடமான ஒரு மனிதர், விடிகிற நேரத்தில், தன் கிணற்றில் எப்படிச் செத்தார்? இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் அவருக்கும் அவர் மனைவி சின்னம்மாவுக்கும் பெரிய சண்டை நடந்தது எல்லோருக்கும் தெரியும். குதித்துவிட்டார் என்று ஊர் முடிவு செய்துகொண்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சின்னம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா வீட்டுச் சமையலில்தான் சாப்பிட்டார், பின்கட்டில் ஓர் அறையில் இருந்தார். தோட்டத்தைப் பெரியப்பாவே பார்த்துக்கொண்டார். அந்தக் கிணற்றை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று சின்னம்மா சொல்லிவிட்டார். இறைக்காமல் கிடந்ததால் பல வருடங்கள் அதில் தண்ணீர் மேலேயே நின்றது.

ஒருநாள் முற்பகலில் சின்னம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதுதான். வெள்ளைச் சேலையின் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். நான் பதறிப்போய் எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“ஏனுங்க, கோவில்ல இருக்கற கோடு பொய்யிங்க. தண்ணி அத்தனை வரலீங்க. எங்கூட்டு வாசல்ல என்ற இடுப்புக்குத்தான் வந்துச்சுங்க.”

இன்ஜினியர் உடனே நம்பவில்லை. “இதை ஏம்மா நீங்க வந்து சொல்லுதீங்க? உங்க வீட்டு ஆம்பளைங்க வேற மாதிரில்லா சொன்னாங்க?”

“அவியவிய காரியத்துக்கு அவியவிய சொல்றாங்க. அந்தத் தண்ணியில எங்கூட்டுக்காரரு போயிட்டாருங்க. அதை வெச்சு ஆளாளுக்கு ஒசத்திக்கிட்டே போனா எனக்கு ஆகாதுங்க.”

“இடுப்பளவுத் தண்ணியில ஆம்பளை எப்படிம்மா போவாரு?”

அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. அந்த இடத்தில் எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. சின்னம்மா வெயிலில் சூடேறிய மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அதைத்தானுங்க நானும் இத்தனை வருசமாக் கேட்டுட்டு இருக்கறேன். வந்து கெணத்தைப் பாருங்க” என்றார்.

அந்த வருடம் கோடை கடுமை. எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் அடி காண்பித்தன. யாரும் இறைக்காத சின்னம்மாவின் கிணற்றிலும், சுற்றுக் கிணறுகள் இழுத்த இழுப்பில், தண்ணீர் அந்த வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையாக மேடைக்குக் கீழே இறங்கியிருந்தது. எங்கள் பக்கத்துப் பெரிய கிணறுகளில் சுவரை ஒட்டிப் பாதி ஆழத்தில் கல்மேடை ஒன்று கட்டியிருப்பார்கள். பம்பு தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இழுக்கும், மேலே வைத்தால் ஏறாது. அதனால் மோட்டாரையும் இன்ஜினையும் அந்த மேடையிலேயே பொருத்துவது வழக்கம். சித்தப்பா கரண்ட் மோட்டார் ஒன்று வைத்திருந்தார். கரண்ட் அடிக்கடி போனதால், அந்த நேரத்துக்கென்று ஓர் ஆயில் இன்ஜினும் வாங்கி வைத்தார். எரிந்துபோன மோட்டாரை அந்த மழைக்கு முன்பே காயில் கட்டப் பொள்ளாச்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அது அப்புறம் திரும்பி வரவில்லை. ஆயில் இன்ஜின் மட்டும் வண்டல் மூடி, துரு ஏறி, ஒரு படுத்த எருமைபோல் மேடையில் இருந்தது.

இன்ஜினியர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்படிகளில் இறங்கினார். நான் பின்னால் போனேன். சின்னம்மா மேலே சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே காற்றே இல்லை, பாசி வாடை மட்டும். இன்ஜினியர் அதைப் பார்த்த பார்வையில் இரக்கம் எதுவும் இல்லை. தான் ஊர் ஊராகத் தேடிய ஒன்று இங்கே மாதிரிக்குக் கிடைத்ததுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குச்சியால் வண்டலைச் சுரண்டினார். அடிப்பாகத்தில் நான்கு போல்ட்டுகள் தெரிந்தன. இரண்டில் நட்டு இறுகிப்போயிருந்தது. இரண்டில் நட்டே இல்லை.

“இதுல ரெண்டு நட்டை யாரு திருடினது?” என்று மேலே பார்த்துக் கத்தினார். சந்தேகம் அவருக்கு அப்படித்தான் முதலில் போகும்.

“யாரும் எறங்கலீங்க. நான் எறங்க உடலீங்க. அவியளை எடுத்தப்பக்கூட மேல இருந்து கொக்கி போட்டுத்தான் எடுத்தாங்க.”

அவர் மறுபடி குனிந்தார். சுவரில் எண்ணெய்க் குவளை வைக்கும் சின்னப் பொந்து ஒன்று இருந்தது. அதற்குள் கையை விட்டு வண்டலை வழித்து வெளியே எடுத்தார். ஒரு ஸ்பேனர். அதன் பின்னால் பொந்தின் மூலையில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த இரண்டு நட்டுகள், அவற்றோடு அவற்றின் வாஷர்கள். துரு பிடித்து ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. அவர் அதைப் பெயர்க்காமல் அப்படியே கைவிளக்கால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். குரல் தணிந்திருந்தது. “அம்மா, உங்க வீட்டுக்காரரு அங்க வேலை பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. கம்பம் சாய்ஞ்சு கரண்ட் போயிருக்கும், இல்லையா? தண்ணி ஏறுனா இந்த இன்ஜினும் போயிரும்னு நினைச்சு, அதைத் தூக்குறதுக்காக நட்டைக் கழத்திருக்காரு. ரெண்டைக் கழத்திட்டு, மறுபடி மாட்ட வேணுமேன்னு பத்திரமா வாஷரோட எடுத்து வச்சிருக்காரு. மூணாவதுக்கு நேரம் கிடைக்கல.”

சின்னம்மாவுக்கு முதலில் புரியவில்லை. “ஒருத்தரா அதைத் தூக்க முடியாதுங்களே?”

“முடியாது. விடிஞ்சதும் ஆள் கூப்பிட்டு மாட்டைப் பூட்டி இழுக்கலாம்னு இருந்திருப்பாரு. சாகப்போற ஆளு நட்டை எடுத்துப் பத்திரப்படுத்த மாட்டாரும்மா.”

அவர் எப்படி அந்த வார்த்தையைச் சொன்னார் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஊர் பேசியதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கையைப் பார்த்துப் பேசுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. சின்னம்மா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நான் போய்த் தொலைங்கன்னு சொன்னனுங்க” என்றார். “என்ற தங்கச்சி ஊட்டு விசேசத்துக்கு அனுப்பமாட்டேன்னு சொன்னாரு. ஆத்திரத்துல சொல்லிப்போட்டேன். ராத்திரி மாட்டுச் சாளையிலயே படுத்துக்கிட்டாரு. காலையில பார்த்தா இல்லீங்க.” பிறகு தனக்கே சொல்வதுபோல் சொன்னார்: “அப்ப அவிய சாகறதுக்குப் போகலீங்க.” இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அழுகை பிறகுதான் வந்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் வாளியில் இருந்த தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அத்தோடு முடிந்திருக்கலாம். இன்ஜினியரால் முடியவில்லை. நிழலில் உட்கார்ந்து வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். மழைத்தண்ணீர் படிப்படியாக ஏறும், சத்தம் கேட்கும், மேலே ஏற ஓர் ஆளுக்கு நேரம் இருக்கும். சித்தப்பா ஏறவில்லை. அப்படியானால் தண்ணீர் கிணற்று விளிம்பைத் தாண்டி ஒரே பாய்ச்சலாக விழுந்திருக்கிறது. கசிந்து உடைந்த கரை அப்படிச் செய்யாது. “என்கிட்ட ஒரு ஊரே சேர்ந்து ஒரே மாதிரி சொன்னது அந்த ஒண்ணைத்தான். மெதுவா உடைஞ்சுதுன்னு. அப்பவே எனக்கு உறுத்துச்சு” என்றார். ஏரிக்குப் போகலாம் என்று எழுந்தார். சின்னம்மாவும் எழுந்தார். அவரைத் தடுக்க எனக்குத் துணிவில்லை.

ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. கரைமேல் நடந்தோம். நடுவில் கரை உயரம், அங்கேதான் தண்ணீரின் பாரம் முழுவதும் நிற்கும். அங்கே பழைய மண் அப்படியே இருந்தது. தென்கோடியில், கரை மேட்டோடு சேர்ந்து தணிகிற இடத்தில், கல் பதித்துப் புதிதாகக் கட்டிய துண்டு தெரிந்தது. இன்ஜினியர் அங்கே நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். நடுக்கரைக்குக் கீழே வளவு. தென்கோடிக்குக் கீழே எங்கள் குடும்பத் தோட்டம். “தண்ணி உடைக்கிற இடம் இது இல்லை, தம்பி. இது ஆள் உடைக்கிற இடம்” என்றார்.

அதற்குள் செய்தி போய்விட்டது. பெரியப்பா கரைமேல் தனியாக வந்துகொண்டிருந்தார். சின்னம்மாதான் கேட்டார். கணவரின் அண்ணனை அவர் மாமா என்றுதான் அழைப்பார். “மாமா, இதை நீங்க வெட்டுனீங்களா?”

பெரியப்பா இன்ஜினியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தப்ப வழி தேடுவதுபோல் வளவைப் பார்த்தார். பிறகு தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “நடுக்கரை பொதபொதன்னு ஆயிருச்சு. அது போயிருந்தா வளவுல ஒரு ஊடு மிஞ்சாது. கொழந்தை குட்டியெல்லாம் தூங்கிட்டிருந்துச்சு. நம்ம வெள்ளாமைதானே, போனாப் போகுதுன்னு வெட்டுனோம். நானும் வளவு ஆளுகளும். தோட்டத்துல யாரும் இல்லைன்னு நெனைச்சேன். அவன் கெணத்துக்குள்ள இருப்பான்னு யாரு கண்டது? கரையை வெட்டுனா ஜெயிலு. எல்லாரும் வாயைக் கட்டிக்கிட்டோம்.”

“வெட்டுனது தப்புன்னு நான் சொல்லலீங்க மாமா. அவரே இருந்திருந்தாலும் வெட்டுங்கன்னுதான் சொல்லியிருப்பாரு. ஆனா அவரு குதிச்சுட்டாருன்னு ஊரு பேசறப்ப, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க? நான் தினமும் உங்க கையிலதானே சோறு வாங்கித் தின்னேன்?”

இன்ஜினியர் கரைச்சரிவில் இறங்கி மட்டப்பலகையை வைத்துச் சரிவை அளந்துகொண்டிருந்தார். இப்படி ஒன்று நடக்கும்போது மனிதர் அளவெடுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும்போது கேட்டேன், இது ஆள் செய்த வேலை, இயற்கையாக வந்த வெள்ளம் இல்லையே, இதை எதற்குக் குறிக்கிறீர்கள் என்று. “யாரு அனுப்பினான்னு தண்ணிக்குத் தெரியாது. இன்ஜினுக்கும் தெரியாது. அந்த மேடையில நிக்கிறவனுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்கிறதுதான் என் கணக்கு” என்றார். அன்று அது கல்நெஞ்சாகத் தெரிந்தது. வெள்ளத்தின் உயரத்தை எழுதினார், வேகத்தை எழுதினார். கரையை வெட்டியது யார் என்று எங்கும் எழுதவில்லை. எந்த அதிகாரியிடமும் சொல்லவும் இல்லை.

அந்த இடம் வேண்டாம் என்று சில மாதங்களில் முடிவாகிவிட்டது. கோடையில் இங்கே போதிய தண்ணீர் இல்லை என்பதுதான் காரணம் என்று தாலுக் ஆபீஸில் சொன்னார்கள். ஊர் அதை நம்பவில்லை. கோடு போட்டுத் துரத்திவிட்டோம் என்று மாரியம்மனுக்குக் கிடாய் வெட்டினார்கள். சின்னம்மா அந்த விருந்துக்கு வரவில்லை. கரையில் நின்ற அன்றைக்கே தனி அடுப்பு மூட்டியிருந்தார். தோட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். எருதுகளைப் பூட்டி அந்த இன்ஜினை மேலே இழுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார். மேடையை உடைத்தெறிந்தார். வளவு ஆட்கள் ஒவ்வொருவராக அவர் வாசலுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவர் எல்லோரையும் சொல்லி முடிக்க விட்டார். ஒருவரையும் உட்காரச் சொல்லவில்லை. பெரியப்பாவோடு அவர் மறுபடி பேசியதை நான் பார்த்ததில்லை. பெரியப்பா படுக்கையில் விழுந்தபோது மட்டும் தினமும் காலையில் கஞ்சி வைத்துக்கொண்டு வந்து, பெரியம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் கழித்து இன்ஜினியர் ஒருமுறை வந்தார். இந்த முறை ஜீப் இல்லை. பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கினார். இளைத்திருந்தார். அவர் வேலை பார்த்த ஏதோ ஓர் இடத்தில் டீசல் ரூமை மேட்டில் கட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம். வெள்ளமே வராத இடத்தில் எதற்கு மேடு என்று கேட்டிருக்கிறார்கள். காண்ட்ராக்டரிடம் பணம் வாங்கியிருப்பார் என்று அவர்மேலேயே சந்தேகம் கிளம்பி, வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். “இருந்த ரெண்டு இன்ஜின்ல ஒண்ணை மட்டும் ஏத்தி வச்சுட்டு வந்துட்டேன், தம்பி” என்றார். சின்னம்மாவைப் பார்க்கவேண்டும் என்றார். அழைத்துப்போனேன். சின்னம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “உண்மையைச் சொல்லுங்க, மறுபடியும் நெலம் பார்க்கத்தானே வந்தீங்க?” என்றார். இன்ஜினியர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சின்னம்மா அவரை உட்காரச் சொல்லி, மோர் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

நான் ஓய்வு பெற்றுக் கொழிஞ்சாம்பாறையில் வீடு கட்டியபோது சின்னம்மாவை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். சில வருடங்களுக்கு முன்பு, வெளிநாட்டில் பூமி அதிர்ந்து, கடல் ஏறி, கரையோரத்து அணுமின் நிலையம் ஒன்றில் கரண்ட் போனதை டெலிவிஷனில் காட்டினார்கள். அவசரத்துக்கு என்று வைத்திருந்த டீசல் இன்ஜின்கள் ஓட ஆரம்பித்தனவாம். பிறகு வந்த அலையில், கீழ்த்தளத்தில் இருந்ததால், அவையும் மூழ்கிப்போயின என்று செய்தி வாசிக்கிறவர் சொன்னார். இன்ஜினியரை நினைத்துக்கொண்டேன். ஏறக்குறைய முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு மனிதர் கிணற்றுக்குள் நின்றுகொண்டு பயந்தது, படித்தவர்கள் நிறைந்த ஒரு நாட்டில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்திருக்கிறது. அன்று அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தது நினைவுக்கு வந்தது.

சின்னம்மாவுக்கு அப்போதே பார்வை மங்கியிருந்தது. பெட்டியில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். புரியும்படி சொன்னேன். கரண்ட் போச்சு, தண்ணி வந்துச்சு, கீழே இருந்த இன்ஜினெல்லாம் முழுகிப்போச்சு. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அங்கெயும் யாராச்சும் கீழ எறங்குனாங்களா, சாமி?”

“தெரியலீங்க, சின்னம்மா. அதெல்லாம் சொல்லலீங்க.”

“எறங்கியிருப்பாங்க” என்றார்.